எரிமலை விளிம்பில் ஒரு பிள்ளையார்

சிங்கப்பூர் சிலோன் சாலை ஸ்ரீ செண்பக விநாயகருக்குத் தேங்காய் உடைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் பயணம் புறப்படுவதில்லை. ஜூன் விடுமுறையில் இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் புரோமோ எரிமலையைக் காணச் சென்றபோதும் அவ்வாறே செய்தோம். அது ஒரு சுற்றுலா என்றுதான் நான் எண்ணியிருந்தேன். புரோமோ என்பது பிரம்மாவின் பெயர் ஜாவானியர் நாவில் கொண்ட வடிவம் என்பதை ஜீப் ஓட்டுநர் மலாயில் சொல்லித்தான் அறிந்தேன்.

பெனாஞ்சாக்கான் முனையில் நடுங்கிக்கொண்டே சூரிய உதயத்தைப் பார்த்துவிட்டு, சாம்பல் நிற மணற்கடலுக்குள் இறங்கினோம். 3,676 மீட்டர் உயரமுள்ள செமேரு தொலைவில் புகைந்துகொண்டிருந்தது. அந்தப் பெயருக்குள்ளும் நம் மேரு இருக்கிறது. மணலின் நடுவே, தெங்கர் இன இந்துக்களின் பூரா லுஹூர் போத்தென் கோயில் கருங்கல் மதிலோடு நிற்கிறது. வாயில் பூட்டியிருந்ததால் வெளியிலிருந்தே கும்பிட்டோம். கோபுரத்தை நடுவே பிளந்து இரு பக்கமும் நிறுத்தியது போன்ற வாயில் அது.

பிள்ளையில்லாத ரோரோ அந்தெங், ஜோகோ செகெர் தம்பதியர் மலைத்தெய்வத்தை வேண்டி 25 பிள்ளைகளைப் பெற்றனராம். கடைசிப் பிள்ளையைத் தெய்வத்துக்குத் தருவதாகச் சொன்ன வாக்கைக் காக்க மனமின்றி ஒளித்துவைத்தும், மலைத்தீ கெசுமாவைக் கொண்டுபோயிற்று. அவனுக்காகவே இன்றும் தெங்கர் நாட்காட்டியின் கசடா மாதத்தின் 14ஆம் நாளில் காய்கறி, கோழி, ஆடு, பணம் என்று எரிமலை வாய்க்குள் காணிக்கை இடுகின்றனர். சிவனடியாருக்காகத் தன் மகன் சீராளனையே கறிசமைத்த சிறுத்தொண்டர் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு இது புதிதன்று. ஆனால் அங்கே சீராளன் ஓடிவந்தான், இங்கே கெசுமா வரவில்லை என்பதை மனம் ஏற்க மறுத்தது.

ஏறத்தாழ 250 படிகளை ஏறுவதற்குள் கந்தக நெடியில் மூச்சு முட்டியது. உச்சியில், 2,329 மீட்டர் உயர மலையின் குறுகிய விளிம்பில், சாம்பல் படிந்து ஒரு கல் பிள்ளையார் அமர்ந்திருந்தார். ஆற்றங்கரையும் அரசமரத்தடியும் போதாதென்று இவ்விடத்தையும் பிடித்துக்கொண்டாரே என்று சிரிப்பு வந்தது. அடுத்த கணம் கண் கலங்கியது. அவருக்குப் பின்னால் பள்ளம் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. தோப்புக்கரணம் போடக் காதைப் பிடித்த என்னை, "விழுந்து வைக்காதீங்க, குட்டிக்கிட்டா போதும்" என்று மனைவி தடுத்தாள்.

படியருகே வாங்கிய வாடாப்பூக் கொத்தைப் பள்ளத்தில் எறியாமல் பிள்ளையாரின் காலடியில் வைத்தேன். அதை விற்ற முதியவர், "உள்ளே போடவில்லையா?" என்று மலாயில் கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில், "இவரிடம் கொடுத்தால் சேர்த்துவிடுவார், பாக் (ஐயா)" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, அடுத்தவருக்குக் கொத்தை நீட்டினார்.