காப்புரிமை வேண்டாம் என்ற மனிதர்

இன்று வகுப்பில் கழிவுநீர்ப் பாடம் நடத்தும்போது காட்சே லெட்டிங்காவைப் பற்றிச் சொன்னேன். நெதர்லாந்துக்காரர், வாகெனிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். ஒரு பிள்ளைகூட அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. மனசு கேட்கவில்லை, இங்கேயும் எழுதுகிறேன்.

கழிவுநீரைச் சுத்திகரிக்க 1970களில் அவரும் அவர் குழுவும் உருவாக்கிய தொட்டி எளிமையானது. கழிவுநீர் அடியிலிருந்து நுழைந்து மெல்ல மேலே ஏறும். வழியில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் நிறைந்த கசடுப் படுகை. அந்த நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கடுகளவு மணிகளாகத் திரள்கின்றன! கனமாக இருப்பதால் நீரோடு அடித்துப் போகாமல் உள்ளேயே தங்கி, அழுக்கைத் தின்று மீத்தேன் என்ற எரிவாயுவாக மாற்றுகின்றன. மேலே கூம்பு மாதிரி ஒரு மூடி, அது வாயுவைத் தனியே பிடித்துவிடும். காற்று ஊதும் இயந்திரம் வேண்டாம், மின்செலவு குறைவு, எரிபொருளும் கிடைக்கிறது. வெளிவரும் நீரை இன்னொரு முறை சுத்திகரிக்கத்தான் வேண்டும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் போன்ற வெப்ப நாடுகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். கான்பூரில் 1989லேயே நாளுக்கு 50 லட்சம் லிட்டர் கொள்ளளவில் ஒன்று வந்துவிட்டது.

இத்தனைக்கும் அவர் காப்புரிமை வாங்கவில்லை. ஏழை நாடுகளும் தடையின்றிக் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 2007இல் சுற்றுச்சூழல் சாதனைக்கான டைலர் விருது, 2009இல் லீ குவான் யூ நீர் விருது. எனக்கு அந்த விருதுகளைவிடக் காப்புரிமை வேண்டாம் என்றதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அடுத்த வாரம் பிள்ளைகளை ஒரு ஆலையின் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அழைத்துப் போகிறேன். அந்தக் கறுப்பு மணிகளை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.