நேர்க்கோட்டுச் சதுரங்களில் ஒரு வளைகோடு

கல்லூரி நடன மண்டபத்துச் சீமெந்துத் தரையில் தட்டுக்கழி ஓசைக்கு மூன்று காலமும் தட்டடவு போட்டுப் பழகிய கால்கள் நம்முடையவை. அரைமண்டி (முழங்கால்களைப் பக்கவாட்டில் திறந்து மடக்கி நிற்கும் நிலை) குலையக்கூடாது, இடுப்பு அசையக்கூடாது என்பதே அங்கே முதற் பாடம். இன்று இங்கிலாந்தில் நம் பிள்ளைகளில் சிலர் ஜிசிஎஸ்ஈ (பதினாறு வயதளவில் எழுதும் பொதுப் பரீட்சை) நடனப் பாடத்தில் படிக்கும் ‘ஆ லீன்யா கூர்வா’ என்ற நடனப் படைப்பு அதற்கு நேரெதிரான உடலைக் கேட்கிறது. ஏகியூஏ என்ற பரீட்சைச் சபையின் பாடத்திட்டத்தின் ஆறு படைப்புகளில் ஒன்று இது. வீட்டிலே பரதம் பயின்ற பிள்ளைக்கு எது கைகொடுக்கும், எது தடையாகும் என்று பெற்றோருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

இஸ்ரேலில் பிறந்து நெதர்லாந்தில் பணியாற்றிய இட்சிக் கலிலி, பிறேசிலின் சாவோ பாவுலோ நகர பாலே குழுவுக்காக 2005இல் அமைத்தது இது. 2009இல் பிரித்தானியாவின் ரம்பேர் குழு மேடையேற்றியது. ஆடுபவர்கள் 28 பேர். நெதர்லாந்தின் பெர்கோசா குழு இசையமைத்தது. தாளக் கலைஞர் நால்வர் மேடையின் பின்புறம் இருந்து நேரடியாக வாசிக்கிறார்கள். ஆடுபவருக்குப் பாட்டுக் கிடையாது, தாளம் மட்டும்தான். ஜதி கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது பெரிய பலம்.

தலைப்பின் பொருள் ‘வளைந்த கோடு’. மேடையிலோ ஒளி சதுரங்கப் பலகை போல வண்ணக் கட்டங்களாக விழுகிறது. அவற்றில் ஆட்டக்காரர் நேர்வரிசையில் நிற்கிறார்கள். அப்படியானால் வளைவு எங்கே? உடலில். முள்ளந்தண்டிலும் இடுப்பிலும் தோளிலும். இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு மற்றவை ஒவ்வொன்றாய் விளங்கும்.

பிறேசிலின் சம்பா நடனமும், கப்போய்ரா என்ற தற்காப்பு ஆட்டமும் இந்தப் படைப்பின் அசைவில் கலந்திருக்கின்றன. சம்பாவில் இரண்டு தட்டுக்கு மூன்று அடி. முழங்கால் இலேசாக மடங்கி நிமிர, நிறை காலுக்குக் கால் மாற, இடுப்பு தானாக அசையும். பரதம் பயின்றவர்கள் முழங்காலைப் பக்கவாட்டில் திறந்து வைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் வேண்டுமென்று ஆட்டுவார்கள். அசைவு வெட்டிவெட்டி விழும். முழங்கால் முன்னோக்கி இருக்கட்டும், குதிக்கால் தரையில் ஓங்கி விழாதிருக்கட்டும். கப்போய்ராவின் அடிப்படையான ‘ஜிங்கா’வில் ஒரு கால் பின்னே போய்த் திரும்பிப் பக்கத்துக்கு வர, கால்கள் முக்கோணம் போடும், முன்கை முகத்தைக் காக்கும். பின்வைக்கும் அடி குறுகினால் ஆட்டக்காரர் நான்கைந்து சுற்றில் தன் கட்டத்தை விட்டு முன்னே நகர்ந்துவிடுவார். இந்தப் படைப்பில் அது பெரும்பிழை, ஒருவர் நகர்ந்தால் ஒளிக்கட்டம் வெறுமையாகும்.

பயிற்சிக்குத் தரையில் ஒட்டுநாடாவால் ஒன்றரை மீற்றர்ச் சதுரங்கள் நான்கு போடுங்கள். எட்டு எண்ணிக்கைக்கு ஓர் அசைவுத் தொடர். முதலில் நால்வரும் சேர்ந்து ஆடட்டும். பிறகு இரண்டிரண்டு எண்ணிக்கை பிந்தித் தொடங்கட்டும்: 1, 3, 5, 7. கடைசிப் பிள்ளை முடிப்பது 14இல். நான்காமவர் எப்போதும் முந்துவார், ஏனென்றால் தன் எண்ணிக்கையை விட்டு முன்னால் ஆடுபவரைப் பார்த்து ஆடுகிறார். கண்ணை நேரே வைத்து வாயால் எண்ணச் சொன்னால் இரண்டு நாளில் சரியாகும்.

உடையைப் பற்றிச் சுருக்கமாக: பல நிறத்தில் உடலோடு ஒட்டும் லைக்ராத் துணிக் குறுங்காற்சட்டை, கறுப்பு மேலாடை. ஓரிடத்தில் சறுக்குப் பலகைகளும் வரும்.

இந்தப் பாடத்தின் எழுத்துப் பரீட்சை ஒன்றரை மணி நேரம், 80 புள்ளி, மொத்தத்தில் 40 வீதம். பன்னிரண்டு புள்ளி வினாவில்தான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். ‘ஒளி வண்ணமயமாக உள்ளது, அது பிறேசில் திருவிழாவைக் காட்டுகிறது’ என்று எழுதினால் புள்ளி அதிகம் வராது. ‘ஒவ்வொருவரையும் தனிக்கட்டத்துள் நிறுத்தும் ஒளி, 28 பேரும் ஒருசேர ஆடும்போது ஊர்வலத்தின் திரளையும், கட்டங்கள் மாறி மாறி எரியும்போது திரளுக்குள் இருக்கும் தனி மனிதரையும் காட்டுகிறது’ என்று எழுத வேண்டும். கண்டது, அது எப்படி இயங்குகிறது, பார்ப்பவருக்கு என்ன செய்கிறது என்ற மூன்றும் ஒரே வசனத்தில் வரவேண்டும்.

படைப்பின் காணொளிப் பதிவைப் பிள்ளையை மூன்று முறை பார்க்கச் சொல்லுங்கள்: ஒலியை நிறுத்தி ஒரு முறை, கண்ணை மூடித் தாளத்தை மட்டும் கேட்டு ஒரு முறை, கடைசியாக, பின்வரிசையில் ஒரேயோர் ஆட்டக்காரரைத் தெரிந்தெடுத்து அவரை மட்டும் தொடர்ந்து ஒரு முறை.