உப்பு மனுசன்

கார்த்திகை 9
அக்காவை வவுனியாவில வாட்டில மறிச்சிட்டினம். எட்டு மாதம் இன்னும் நிறையேல்ல. அவவின்ர மகள் என்னோட, மாங்குளத்தில.

கார்த்திகை 10
நித்திரை கொள்ளமாட்டன் எண்டு ஒரே அழுகை. முன்பள்ளி அலுமாரியில கிடந்த ரேமண்ட் பிரிக்ஸின்ர பனிமனிதன் புத்தகத்தைக் குடுத்தன். 1978இல வந்தது. கதைக்குள்ள ஒரு சொல்லும் இல்லை, முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிப் படங்கள். வெள்ளையைக் கண்ட உடன, "ஆனையிறவு உப்போ சின்னம்மா?" எண்டாள். திருத்த வாயெடுத்தன். எங்களுக்குப் பனி எண்டா விடியப் புல்லில கிடக்கிறதுதானே. ஓம், உப்பு எண்டன்.

கார்த்திகை 11
அக்கா போன் எடுக்கேல்ல. மழை.

கார்த்திகை 13
பிழை என்னிலதான். ஒவ்வொரு படத்துக்கும் "இது என்ன?" எண்டு சோதினை வைச்சன். தொப்பி, கதவு, கட்டில் எண்டு ஒவ்வொரு சொல்லாத் தந்திட்டு அலுத்துப்போனாள். இண்டைக்கு வாயை மூடிக்கொண்டு விரலை மட்டும் இடப்பக்கத்திலயிருந்து வலப்பக்கம், பிறகு அடுத்த வரிசை எண்டு ஓட்டினன். எழுத்து வாறதுக்கு முந்தி கண் அந்த வழியைப் பழகவேணும். ஒரேயொருக்கா, "இப்ப என்ன நடக்குது?"

"அம்மா நித்திரை. அதுதான் சத்தம் போடாமல் நடக்கினம். வயித்துக்க தம்பி."

படத்தில தம்பி இல்லை.

எழுத்தில்லாத புத்தகத்தில என்னத்தைப் படிக்கிறது, விஜயதசமிக்கு ஏடு தொடக்கினது வீணோ எண்டு எங்கட அம்மா. ஆனா கதை முடியுமட்டும் கதவடியில நிண்டவா.

கார்த்திகை 14
கடைசிப் பக்கத்தைத் திருப்ப விடுறாளில்லை. விடியிறதுக்கு முந்தி மூடிப்போடுறாள். பனிமனிதன் கரைஞ்சு, தொப்பியும் சால்வையும் மட்டும் கிடக்கிற பக்கம். முதல் நாளே கள்ளமாப் பாத்திட்டாள் போல. காட்டுறதோ, விடுறதோ? முன்பள்ளியில எண்டா இவ்வளவு யோசிச்சிருக்கமாட்டன். அங்க ஒண்டு அழுதா இன்னொண்டு அவன் திரும்பி வருவான் எண்டு கதையை நீட்டும். இங்க இவள் ஒருத்தி.

கார்த்திகை 15
பிறசர் இறங்கேல்லையாம்.

கார்த்திகை 16
இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்திட்டினமாம். இரவு இருட்டுக்குள்ள கேட்டாள்: "மழை பெஞ்சா உப்புக் கரையும் என்ன?"

ஓம் எண்டன். பொய் வரேல்ல.

கனநேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப ஏன் கிடுகு போட்டு மூடேல்ல?"

ஆனையிறவில உப்புக் கும்பியைக் கிடுகால மூடியிருந்ததை பஸ் யன்னலுக்கால காட்டினது நான்தான்.

கார்த்திகை 17
விடிய எழும்பிப் பாத்தால் புத்தகத்துக்கு மேல ஒரு கிடுகுத் துண்டு. கோடியில கிடந்ததை எப்ப போய் எடுத்தாளோ. ஓலை ஈரம், பின்மட்டை ஊறிப்போச்சு. அடுப்படியில வைச்சிருக்கிறன். காயிறதெண்டா கடைசிப் பக்கத்தை விரிச்சு வைக்கோணும்.

விரிக்கேல்ல.