பாப்பாவோடு திருநெல்வேலிக்கு

மே 6

ரயிலில் காத்திருப்புப் பட்டியல் நகரவே இல்லை. பெங்களூரிலிருந்து காரில்தான் போகப் போகிறோம்.

மே 7

காரில் பாப்பாவின் குழந்தை இருக்கையைக் கழற்றி மறுபடியும் மாட்டினோம். அதைக் காரின் சட்டத்தோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இரண்டும் உள்ளே சென்று பச்சை நிறம் தெரிந்த பிறகும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் தம் எடையை எல்லாம் போட்டு ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. தோள்வாரை இறுக்கிய பின் அதை இரு விரலால் கிள்ளிப் பார்த்தேன். கிள்ளினால் மடிப்பு கையில் வரக்கூடாது, அதுதான் கணக்கு.

முகம் பின்பக்கம் பார்க்கும்படியே வைத்திருக்கிறோம். இந்த வயதில் உடம்பை நோக்கத் தலை பெரிது. கழுத்தெலும்புகள் இன்னும் முழுதாகக் கெட்டிப்படவில்லை. முன்னால் எதிலாவது மோதினால் அந்த விசையை முதுகும் தலையும் சேர்ந்து இருக்கையில் இறக்கிவிட வேண்டும். கழுத்து மட்டும் அதைத் தாங்கும்படி ஆகிவிடக்கூடாது. சித்தியிடம் இதைச் சொன்னபோது, "பச்சப் பிள்ளைய மடியில வச்சுட்டு வராம, கட்டிப் போட்டா கூட்டிட்டு வருவா?" என்றாள். எங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் மடியில்தான் பயணம் செய்தார்கள். சித்தி பாசத்தில்தான் சொல்கிறாள். ஆனால் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி சட்டென்று மோதி நின்றால், பத்துக் கிலோப் பிள்ளையைப் பிடித்து நிறுத்தப் பல மடங்கு விசை வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அந்த வலு கிடையாது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, 14 வயதுக்கு உட்பட்டவர்களை வாரோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம் என்று 194பி பிரிவில் சேர்த்தார்கள். நாங்கள் அபராதத்துக்குப் பயந்து இதைச் செய்யவில்லை.

மே 8

அம்மாவின் குரல் தெளிவாக இருந்தது. அவளை மருத்துவமனையில் சேர்ப்பது வியாழக்கிழமை காலை என்று உறுதியாகிவிட்டதாம்.

மே 9

ஏறத்தாழ 600 கி.மீ.; ஒரே நாளில் போக வேண்டாம், திண்டுக்கல்லில் தங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். இருக்கையை இடப்பக்கத்துக்கு மாற்றச் சொன்னேன். தெற்கு நோக்கிப் போகும்போது பிற்பகல் வெயில் வலப்பக்கத்து ஜன்னலில்தான் இறங்கும். இது கத்திரி வெயில். சாலையோரத்தில் நிறுத்திப் பிள்ளையை இறக்குவதற்கும் இடப்பக்கம்தான் நல்லது.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள், தேக்கரண்டி, வெப்பமானி, பழைய வேட்டித் துணிகள், மாற்றுடை. இட்லியில் நெய் மட்டும் தடவிக்கொண்டேன்.

மே 10, திண்டுக்கல்

நாலரை மணிக்குக் கிளம்பியதால் ஓசூரைத் தாண்டியும் தூங்கினாள். கிருஷ்ணகிரியில் விழித்தாள்; அரை இட்லி சாப்பிட்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவது, பால் கேட்டால் வண்டி நின்ற பிறகே கொடுப்பது என்று பேசி வைத்திருந்ததில் இன்று முழுக்கப் பிறழவில்லை. 2015-இல் தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் வந்தபோது எத்தனையோ தாய்மார்களுக்கு ஆறுதலாக இருந்தது. இந்த நெடுஞ்சாலையில் நாங்கள் நின்ற ஓரிடத்திலும் அப்படி ஒன்று இல்லை. ஜன்னலில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, ஏசி ஓடும் காருக்குள்ளேயே கொடுத்தேன்.

தொப்பூர் இறக்கத்தில்தான் அது நடந்தது. முன்னும் பின்னும் பாரம் ஏற்றிய லாரிகள். நிற்க இடமில்லை, நிற்கவும் கூடாது. பாப்பா முதலில் கொட்டாவி விட்டாள், முகம் வெளுத்தது, பிறகு உமிழ்நீர் வழிந்தது, அடுத்த நொடியே வாந்தி. வாரை அவிழ்த்துத் தூக்கிவிடு என்று கை பரபரத்தது. அவிழ்க்கவில்லை. தலையை என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, வாய்க்குள் தங்கியதை விரலில் துணி சுற்றித் துடைத்தெடுத்தேன். "அம்மா, அம்மா" என்று அவள் அழுததும், "நிறுத்தட்டுமா, நிறுத்தட்டுமா" என்று அவர் கேட்டதும், "வேண்டாம், மெதுவாகவே போங்கள்" என்று நான் சொன்னதும் இப்போதும் காதில் கேட்கின்றன. சாலை சமமான இடத்தில் ஒதுக்கிய பிறகுதான் அவளை வெளியே எடுத்தேன். தோளில் விழுந்து உடனே தூங்கிவிட்டாள்.

இது வளைவுகளால் வந்த வாந்தியா, வேறு ஏதாவதா? உட்காதுக்கு அசைவு தெரிகிறது, கண்ணுக்கோ அசையாத இருக்கை தெரிகிறது, அந்த முரண்பாட்டால்தான் குமட்டுகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு வயதுக்குள் அது அபூர்வம் என்பதும் தெரியும். தொற்றாக இருந்தால் வியாழக்கிழமைக்கு முன் அம்மாவின் பக்கத்தில் இவளை எப்படி விடுவது?

நாமக்கல் வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு கரண்டியாக ஓ.ஆர்.எஸ். கொடுத்தேன், வாந்தி திரும்பவில்லை. பரமத்தி வேலூரைத் தாண்டிக் காவிரிப் பாலத்தில் "தண்ணி, தண்ணி" என்று கைகாட்டினாள். கரூருக்கு அப்பால் இருக்கையில் உட்கார மாட்டேன் என்று வில்லாக வளைந்து அழுதாள். நிழலில் நிறுத்தி, அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு உட்கார வைத்தோம். திரும்பவும் அழுதாள். அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

இரவு வெப்பமானி வைத்துப் பார்த்தேன், 36.9.

மே 11, விடியற்காலை

37.0. இரவில் இரண்டு முறை பால் குடித்தாள். சிறுநீர் நன்றாகப் போகிறது.

மே 11, இரவு, திருநெல்வேலி

மதுரையைச் சுற்றி வந்து சாத்தூரில் வெள்ளரிக்காய் வாங்கினோம். அவர் இறங்கிய அந்தச் சிறிது நேரமும் நான் பாப்பாவோடு ஏசியை ஓடவிட்டே உட்கார்ந்திருந்தேன். வெயிலில் பூட்டிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் ஏறிவிடும். தூங்குகிறாளே, இதோ வந்துவிடலாம் என்ற நினைப்பே கூடாது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது நிழல் நகர்ந்து, வாரின் உலோகக் கொக்கி கையைச் சுட்டது. இனி ஒவ்வொரு முறையும் ஈரத்துண்டு போட்டு மூடிவிட்டே இறங்க வேண்டும்.

கயத்தாறில் காற்றாலைகளைக் கண்டதும் "ஃபேன்" என்றாள். வாந்தி இல்லை, பேதி இல்லை, காய்ச்சல் இல்லை.

வாசலில் அம்மா இரண்டு கையையும் நீட்டினாள். "இன்றைக்கு வேண்டாம் அம்மா, நாளை மாலை பார்ப்போம்" என்றேன். "என் பேத்தியத் தூக்க எனக்கு நாள் பாக்கணுமாட்டி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள்.

மே 12

காலையில் 36.8, மதியம் 36.9. குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு, பயணத்தால் வந்த வாந்தியாகத்தான் இருக்கும் என்றார். அம்மாவிடம் கொடுத்தேன்.

மே 13

வார்டுக்குள் குழந்தைகளை விடமாட்டார்களாம். எங்கள் கார் அம்மாவோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாப்பாவை மாமா தம் காரில் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்கிறார். பத்து நிமிட தூரத்துக்கு இருக்கை எதற்கு என்று கேட்கிறார். அவருடைய பழைய காரில் ஐசோஃபிக்ஸ் கிடையாது. எங்கள் இருக்கையைக் காரின் வாரை வைத்தும் கட்டலாம் என்று கையேட்டில் இருக்கிறது. இரவே கட்டிப் பார்த்துவிடச் சொன்னேன்.

மே 14

மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. 36.8. இருக்கை மாமாவின் காரில் இன்னும் ஒரு விரற்கடை ஆடுகிறது; வாரை முழங்காலால் அழுத்தி இழுத்துக் கட்ட என் கணவர் மறுபடியும் கீழே போயிருக்கிறார். ஐந்தரைக்கு அம்மாவோடு கிளம்ப வேண்டும்.