எடை மெஷின்

எடை மெஷினில் ஏறி நின்ற அந்தப் பெண் முள்ளைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற மாமியாரின் முகத்தைத்தான் பார்த்தாள்.

ஏழாம் மாதம். இதுவரை கூடியது நாலு கிலோ.

"புள்ள பெருசானா ஆபரேஷன்னு சொல்லிடுவாங்க, அதான் ராத்திரி சோத்தக் குறைச்சிட்டோம் சிஸ்டர்" என்றார் அந்த அம்மா.

கெட்ட எண்ணம் இல்லை, பயம். எனக்கு நேர் எதிர். ரெண்டு உசுருக்குச் சாப்பிடு என்று தட்டை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள், சர்க்கரை ஏறிய பிறகுதான் நிறுத்தினார்கள்.

சரியான உடல்வாகு உள்ளவர்களுக்குப் பத்து மாதத்தில் 10 முதல் 12 கிலோ கூடினால் போதும் என்று நம் ஊரில் சொல்கிறார்கள். நாலாம் மாதத்திலிருந்து கூடுதலாகத் தேவைப்படுவது தினம் சுமார் 350 கலோரிதான், அதாவது ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அவ்வளவே. இதைக் குறைத்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம், பிரசவம் சுலபமாகிவிடாது. அப்புறம் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது.

சிஸ்டர் பொறுமையாக எல்லாம் சொன்னார்.

வெளியே வந்தபோது மரத்தடியில் அந்த மாமியார் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து மருமகள் கையில் கொட்டிக்கொண்டிருந்தார்.