டேவிஸ் வளாகத்தில் சுற்ற சைக்கிளா, லாங்போர்டா?

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் போதும், இங்கே கலிஃபோர்னியாவில் இருக்கும் டேவிஸ் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வரப்போகும் பிள்ளைகளிடமிருந்து எனக்கு மெசேஜ் வர ஆரம்பித்துவிடும். வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம், பொன்னி அரிசி எங்கே கிடைக்கும், ஸ்வெட்டர் அங்கிருந்தே வாங்கி வரட்டுமா என்றெல்லாம் கேட்பார்கள். இந்த வருடம் கோவையிலிருந்து வரும் ஒரு தம்பி கேட்டது புதுசு. "அக்கா, கேம்பஸுக்குள்ள சுத்த சைக்கிள் வாங்கட்டுமா, லாங்போர்டு வாங்கட்டுமா? வீடியோல பாத்தா நிறைய பேர் போர்டுலதான் போறாங்க." போனில் அவனுக்குச் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

லாங்போர்டு என்பது நீளமான ஸ்கேட்போர்டு; மேலே நின்று ஒரு காலால் தரையை உந்திப் போவது. என்னிடம் இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் ஆசையாகத்தான் ஓட்டுகிறேன். ஆனால் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், டேவிஸைப் பொறுத்தவரை என் பதில் சைக்கிள். யாருக்கு அது பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. சாக்ரமென்டோ பள்ளத்தாக்கில், தட்டுப் போலச் சமமான தரையில் இருக்கிறது டேவிஸ். அமெரிக்காவிலேயே முதன்முதலாகச் சாலையில் கோடு போட்டு சைக்கிளுக்கெனத் தடம் ஒதுக்கிய ஊர் இது. அது நடந்தது 1967இல். ஊரின் சின்னமே முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருக்கும் அந்தப் பழைய காலத்து சைக்கிள்தான். அறுபதுகளில் எமில் ம்ராக் வளாகத்தின் தலைவராக, அதாவது சான்சலராக, இருந்தபோது, சைக்கிள் ஓட்டுபவர்களை மனதில் வைத்தே வளாகத்தைத் திட்டமிட்டார்கள். வளாகத்தின் நடுப்பகுதியில் கார்களுக்கு இடமில்லாமல் போனது அப்போதுதான். ஆக, இங்கே சாலை வளைவது, கட்டடத்துக்கு முன்னால் ஸ்டாண்டு இருப்பது எல்லாமே சைக்கிளுக்காகச் செய்தவை. போர்டு அதற்குள் விருந்தாளியாகத்தான் வருகிறது.

அடுத்தது தூரம். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் பரப்பளவில் பெரியது இதுதான், ஏறக்குறைய 5,300 ஏக்கர். அதில் பெரும்பகுதி வயல். நான் செடிகளோடு வேலை செய்கிறவள். ஷீல்ட்ஸ் நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன், மதியம் 113ஆம் நெடுஞ்சாலையைத் தாண்டி மேற்கே இருக்கும் வயலுக்குப் போக வேண்டியிருக்கும். கையில் மாதிரிப் பைகள், தண்ணீர் பாட்டில், தொப்பி. ஜூலையில் வெயில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தத் தூரத்தை ஒரே காலால் உந்தி உந்திப் போனால் இடுப்பு கழன்றுவிடும். சைக்கிள் என்றால் பின்னால் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். இருபது பவுண்டு அரிசி மூட்டையும் அதே கேரியரில்தான் வீட்டுக்கு வருகிறது.

தூரத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நிற்பது. வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள்; எப்படி நிற்கும் என்று யாருமே கேட்பதில்லை. டேவிஸ் வளாகத்தில் சந்திப்புக்குச் சந்திப்பு சைக்கிளுக்கென்றே சின்னச் சின்ன ரவுண்டானாக்கள் உண்டு. வகுப்புகள் பெரும்பாலும் பத்து நிமிட இடைவெளியில் மாறும். அந்தப் பத்து நிமிடத்தில் நாலு பக்கமும் சைக்கிள்கள் சாரை சாரையாக வந்து விழும். உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழி விட்டு, இடைவெளி பார்த்து நுழைந்து, கையை நீட்டிக் காட்டி வெளியேற வேண்டும். நம் ஊர் ரவுண்டானாவில் வலது பக்கம் பார்த்துப் பழகிய கண் நமக்கு. இங்கே சுற்றுவது எதிர்த் திசையில், பார்க்க வேண்டியது இடது பக்கம். செப்டம்பர் கடைசியில் வகுப்பு தொடங்கும் முதல் வாரத்தில் புதுப் பிள்ளைகள் அங்கே மோதிக்கொண்டு விழுவது வருடா வருடம் நடக்கிறது. இரண்டு கைக்கும் பிரேக் இருப்பவர்களே விழும் இடம் அது.

லாங்போர்டில் பிரேக் உங்கள் கால்தான். முன்கால் போர்டின் மேல், விரல்கள் முன்னே பார்த்தபடி. உடம்பின் பாரம் முழுவதும் அந்த முன்காலுக்குப் போக வேண்டும், முட்டி நன்றாக மடங்க வேண்டும். பிறகுதான் பின்காலை எடுத்து, பாதத்தைத் தட்டையாக வைத்து, தரையை வருடுகிற மாதிரி தொட வேண்டும். ஷூவின் அடி தேய்கிற சத்தம் கேட்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்ட வேண்டும். பயத்தில் பின்காலில் பாரத்தைப் போட்டு ஊன்றினால் கால் அங்கேயே நிற்கும், போர்டு முன்னால் ஓடும், ஆள் கீழே. முதுகில் லேப்டாப் பை இருந்தால் இன்னும் கஷ்டம், அது உங்களைப் பின்னுக்கு இழுக்கும். இந்த ஒன்றை நிதானமாகப் பழகாமல் யாரும் போர்டோடு கூட்டத்துக்குள் போகக் கூடாது என்பேன். பழக ஆள் நடமாட்டமில்லாத, சரிவில்லாத தெருவாகப் பாருங்கள். ஹெல்மெட் இரண்டுக்குமே போடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் இங்கே அது சட்டம். மேலே இருந்தாலும் மண்டை ஒன்றுதான்.

இவ்வளவும் சொன்னதால் போர்டைக் குறைத்துப் பேசுவதாக நினைக்காதீர்கள். கலிஃபோர்னியாவின் சொந்தப் பிள்ளை அது. அலை இல்லாத நாளில் தரையில் சறுக்கலாமே என்று இங்குள்ள சர்ஃபர்கள் ஐம்பதுகளில் பலகையில் சக்கரம் பூட்டியதிலிருந்து வந்த வழி. எழுபதுகளின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி யூரிதேன் என்ற மெத்தான பிளாஸ்டிக்கில் செய்த சக்கரத்தைக் கொண்டுவந்த பிறகுதான் ஓட்டம் மெத்தென்று ஆனது. லாங்போர்டுக்கு 70 மில்லிமீட்டர் சுற்றளவில் அல்ல, குறுக்களவில் சக்கரம் பாருங்கள். சக்கரத்தின் கெட்டித்தன்மையைக் காட்டும் எண் 78ஏ அல்லது அதை ஒட்டி இருக்கட்டும். வித்தை காட்டும் சின்ன ஸ்கேட்போர்டின் சக்கரம் சிறியது, கல் மாதிரி கெட்டி. நடைபாதை விரிசலில் பல் ஆடும். பெரிய மெத்துச் சக்கரம் அதே விரிசலை விழுங்கிக்கொண்டு போகும். மாலையில் சாக்ரமென்டோ ஆற்று டெல்டா பக்கமிருந்து குளிர்ந்த காற்று வரும் நேரத்தில், புதிதாகத் தார் போட்ட பாதையில் இடமும் வலமுமாக உடம்பைச் சாய்த்துச் சாய்த்துப் போகும் சுகத்தை எந்த சைக்கிளும் தராது.

போர்டுக்குப் பூட்டும் வேண்டாம். வகுப்புக்குள் கையோடு எடுத்துப் போய் நாற்காலிக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம். பஸ்ஸிலும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறலாம். மாணவர்களே ஓட்டும் யூனிட்ரான்ஸ் பஸ்கள் 1968 முதல் இங்கே ஓடுகின்றன; லண்டனிலிருந்து வந்த சிவப்பு மாடி பஸ்கூட உண்டு. பஸ்ஸில் வளாகம் வரை வந்து, உள்ளே மட்டும் போர்டில் சுற்றுவது நல்ல ஏற்பாடு.

பஞ்சரும் ஆகாது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் நெருஞ்சி. ஆம், நம் ஊர்க் கரிசல் காட்டில் காலில் ஏறும் அதே நெருஞ்சிதான், அதே மஞ்சள் பூ. கலிஃபோர்னியாவில் களையாகப் பரவியதால், இதைக் கட்டுப்படுத்த 1961இல் வெளியிலிருந்து கூன்வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்னும் பாதையோரமெல்லாம் கிடக்கிறது. கோடை முடியும்போது காய்ந்து முள் உதிரும், சைக்கிள் டயரில் வரிசையாக ஏறும். ட்யூப் மாற்றும்போது டயரின் உட்புறம் முழுவதும் விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். உள்ளே ஒரு முள் முனை ஒட்டிக்கொண்டிருந்தால் புது ட்யூபும் அன்றைக்கே போய்விடும். தடித்த ட்யூப் போட்டு, உள்ளே அடைப்புத் திரவம் ஊற்றிக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். மற்றதற்கு பைக் பார்ன் இருக்கிறது: மாணவர்கள் நடத்தும் சைக்கிள் கடை, பழைய களஞ்சியக் கட்டடத்தில் 1971 முதல் இயங்குகிறது.

போர்டை வீழ்த்துவது மழை. நவம்பரிலிருந்து மார்ச் வரை விட்டு விட்டுப் பெய்யும். ஈரத்தில் யூரிதேன் வழுக்கும், பேரிங் துரு ஏறும், பலகை நீர் குடித்து உப்பும். அந்த மாதங்களில் என் போர்டு வீட்டில்தான் இருக்கும். சைக்கிளுக்கு முன்னும் பின்னும் மட்கார்டு போட்டுவிட்டால் போதும், இல்லாவிட்டால் முதுகில் சேற்றுக்கோடு. இலையுதிர் காலத்தில் இன்னொன்று உண்டு, ஆலிவ் காய். வளாகத்தின் பழைய ஆலிவ் மரங்கள் பாதையில் காயை உதிர்க்கும், அது நசுங்கி எண்ணெய் வழுக்கல் ஆகும். சைக்கிள்கள் சறுக்கி விழுகின்றனவே என்று அந்தக் காய்களைப் பறித்து எண்ணெய் ஆட்டப்போய், பல்கலைக்கழகம் தன் பெயரிலேயே ஆலிவ் எண்ணெய் விற்க ஆரம்பித்தது. எனக்கு இந்த வளாகத்தில் மிகவும் பிடித்த கதை அது.

அப்படியானால் போர்டு யாருக்கு? டெர்சேரோ, செகுண்டோ மாதிரி விடுதியில் தங்கி, வகுப்பெல்லாம் பக்கத்திலேயே இருக்கும் முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சரி. பஸ் நிறுத்தம் வாசலிலேயே இருப்பவர்களுக்கும் சரி. சான்டா குரூஸ் மாதிரி மலைமேல் இருக்கும் வளாகத்துக்குப் போகிறவர்கள் தயவுசெய்து போர்டைத் தொடாதீர்கள். ஏற்றத்தில் அதை நீங்கள் சுமப்பீர்கள், இறக்கத்தில் உங்களை அது கொண்டுபோகும். எந்த ஊரானாலும், போர்டுக்கு எங்கே அனுமதி, எங்கே தடை என்று வளாக விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

தம்பி, நீ தங்கப்போவது வெஸ்ட் வில்லேஜ், 113க்கு அந்தப் பக்கம். உனக்கு சைக்கிள்தான். ஊரைவிட்டுக் கிளம்புகிற சீனியர்கள் விற்பதைப் பார், புதுசு வேண்டாம். நடுக் கம்பியை இரண்டு காலுக்கும் இடையில் வைத்து, இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி நின்றால் கம்பிக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும், அதுதான் உன் அளவு. கேபிள் பூட்டை நம்பாதே, நொடியில் வெட்டிவிடுவார்கள். யு-லாக், அதாவது U வடிவ இரும்புப் பூட்டு, வாங்கி, பின்சக்கரத்தையும் பின் ஃபிரேமையும் சேர்த்து ஸ்டாண்டோடு பூட்டு. முன்சக்கரம் கையால் திருப்பிக் கழற்றுகிற மாதிரி இருந்தால் போல்ட் போட்டு இறுக்கிக்கொள். சக்கரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. வந்த வாரமே சைக்கிளைப் பதிவு செய்து ஸ்டிக்கர் ஒட்டிவிடு, சீரியல் நம்பரைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்.