மார்ஷல்சீயில் மிஞ்சிய சுவர்

இன்று மதியம் லண்டனின் சதர்க் பகுதியில், புனித ஜார்ஜ் தேவாலயத்தை ஒட்டிய ஒடுங்கிய சந்தில், உயரமான பழைய செங்கல் சுவரில் சாய்ந்தபடி ஓர் இளைஞர் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மார்ஷல்சீ என்ற கடனாளிகள் சிறையில் இன்று எஞ்சியிருப்பது ஏறக்குறைய அந்தச் சுவர் மட்டுமே.

1824 பிப்ரவரியில் ஜான் டிக்கன்ஸ் என்பவர் அந்தச் சிறையில் அடைக்கப்பட்டதும் ரொட்டியால்தான். ரொட்டிக்கடைக்காரர் ஒருவருக்கு அவர் தர வேண்டியிருந்த தொகை 40 பவுண்டு 10 ஷில்லிங். பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற அவருடைய 12 வயது மகன் சார்லஸ், அப்போது காலணி மைத் தொழிற்சாலையில் வாரம் சில ஷில்லிங்குக்காகப் புட்டிகளில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான்.

திருடனுக்குக்கூட விடுதலை நாள் என்று ஒன்று உண்டு. கடனாளிக்கோ கடன் தீர வேண்டும், அல்லது கொடுத்தவர் மனம் இரங்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் திவால் நீதிமன்றம் விடுவிக்க வேண்டும். வெளியே போய் உழைக்க முடியாதவரிடம் சிறை அறைக்கு வாடகையும் வாங்கினார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்காத கணக்கு.

மனைவி மக்கள் உடன் தங்கலாம், பகலில் போய்வரலாம். இரவில் வாயில் பூட்டப்படும்.

விக்டோரியா அரியணை ஏறி ஐந்து ஆண்டு கழிந்தபின், 1842இல், மார்ஷல்சீ மூடப்பட்டது. கடனுக்குச் சிறை என்ற வழக்கத்தை 1869ஆம் ஆண்டுச் சட்டம் பெருமளவு ஒழித்தது. ஆயினும், வசதியிருந்தும் கட்டவில்லை என்று நீதிபதி கருதினால் ஆறு வாரம் வரை உள்ளே தள்ள அதே சட்டம் இடம் வைத்திருந்தது. அந்தச் சட்ட ஓட்டையில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் சிக்கியவர்கள் பெரும்பாலும் சில்லறைக் கடன் பட்ட உழைப்பாளிகள்.

இளைஞர் சட்டையில் உதிர்ந்த ரொட்டித் துகள்களைத் தட்டிவிட்டு அலுவலகம் திரும்பினார்.